‘புரிந்தது அக்கா’ என்கிறான், அடுத்த கணக்கில் நின்றுவிடுகிறான்

மாடியறை அக்கா | பென்னாகரம்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக இணையவழியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பென்னாகரத்தில் எங்கள் வீட்டு மாடியறைதான் வகுப்பறை. பிள்ளைகளில் பெரும்பாலோர் நம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் படிப்பவர்கள். இருவர் மட்டும் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறார்கள். அப்பா கட்டட வேலை முடிந்து கைபேசியோடு வீடு திரும்பினால்தான் அவர்களுக்கு வகுப்பு.

சென்ற வியாழன் நடந்தது என்னை உறங்கவிடவில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இருபடிச் சமன்பாடு நடத்தினேன். (பாடநூலில் எக்ஸ் என்று வருவதை இங்கே ‘ய’ என்று எழுதுகிறேன்.) கணக்கு: ய² − 7ய + 12 = 0. திரையில் ஏழு படிகளாக எழுதினேன். பெருக்கினால் 12, கூட்டினால் −7 வரும் எண்கள் −3, −4. நடு உறுப்பைப் பிரித்தேன், பொதுக்காரணி எடுத்தேன், (ய − 3)(ய − 4) = 0 என்று வந்தது, விடை 3, 4. ஒவ்வொரு படியிலும் நிறுத்திக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் “புரிந்தது அக்கா” என்றான்.

பிறகு அவனாகச் செய்ய ஒன்று கொடுத்தேன்: ய(ய − 5) = 6. இரண்டே வரியில் முடித்துவிட்டான். ய = 6. அடுத்த வரி, ய − 5 = 6, ஆகவே ய = 11.

இதில் 6 சரியான விடைதான். 6 × 1 = 6. அதனால்தான் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. தவறான வழியில் போய்ச் சரியான விடையை எடுத்துவிட்டான்; 11ஐப் போட்டுப் பார்த்தால் 11 × 6 = 66 வருகிறது. உண்மையான இன்னொரு விடை −1.

நான் எழுதிய ஏழு படிகளில் ஒன்றுகூடத் தவறில்லை, ஒன்றுகூட விடுபடவில்லை. பிறகு எங்கே தவறவிட்டேன்? இன்னும் சிறிய படிகளாக உடைக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்ப் பொறியாளன் | ஓசூர்

உடைக்கத்தான் வேண்டும். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் ஒரு கேள்வி பதில் தளத்துக்கு இயற்பியல், கணிதத் தீர்வுகள் எழுதுகிறேன். மாணவர் கணக்கைப் படமெடுத்து அனுப்புவார். அவர் முகம் எனக்குத் தெரியாது, திருப்பிக் கேட்கவும் வழியில்லை. ஆகவே எந்தப் படியையும் அவர் ஊகத்துக்கு விடக்கூடாது என்பது என் முதல் விதி.

ஒரு வரியில் ஒரே ஒரு செயல். இரண்டு பக்கமும் 3ஆல் வகுத்தால் அந்த வரியில் வேறெதுவும் செய்யக்கூடாது. பக்கத்திலேயே ஏன் என்பதைச் சொற்களில் எழுத வேண்டும். முதலில் கொடுக்கப்பட்டவை, அடுத்து கேட்கப்பட்டது, அலகுகள், படம் தேவையென்றால் படம், அதன் பிறகே சூத்திரம். கடைசியில் விடையைக் கணக்கில் போட்டுச் சரிபார்த்துக் காட்ட வேண்டும். உங்கள் மாணவன் 11ஐப் போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். உங்கள் ஏழு படிகளில் சரிபார்க்கும் படி இருந்ததா?

மாடியறை அக்கா | பென்னாகரம்

இல்லை. நேரம் போய்விட்டது என்று விட்டுவிட்டேன். இனி விடமாட்டேன். ஆனாலும் சரிபார்த்தால் தவறு என்று தெரியும், ஏன் தவறு என்று தெரியாதே?

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு

அம்மா, முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பையன் தவறு செய்த இடம் ஏழாவது படி. (ய − 3)(ய − 4) = 0 என்பதிலிருந்து ய = 3, ய = 4 என்று தாவினீர்களே, அந்த இடம். உங்களுக்கு அது ஒரு படி. அவனுக்கு அது ‘இரண்டு அடைப்புக்குறியையும் தனித்தனியாக வலப்பக்க எண்ணுக்குச் சமன்படுத்து’ என்ற கட்டளை. அந்தக் கட்டளையை அப்படியே நிறைவேற்றினான். வலப்பக்கம் 0 இருப்பதால் மட்டுமே அது செல்லும் என்பதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. நானும் பல ஆண்டுகள் சொல்லாமல் இருந்தவன்தான், வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு அண்ணன் ஒன்று ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே பிறந்துவிடுகிறது. “பக்கம் மாற்றினால் குறி மாறும்.” நம் ஊரில் இதைச் சொல்லாத கணக்கு வாத்தியாரே கிடையாது. 5ய = 20 என்று கொடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நான்கைந்து பேராவது 20 − 5 = 15 என்று எழுதுவார்கள். 5 அந்தப் பக்கம் போனது, குறி மாறியது. நாம் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறார்கள்! அவர்களை மக்கு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பிறகு அந்தச் சொல்லை வாயிலிருந்தே எடுத்துவிட்டேன். தராசை மட்டும் சொல்வேன். பாலக்கோட்டுப் பிள்ளைக்குத் தக்காளி மண்டியும் தராசும் கண்ணெதிரே இருக்கின்றன. ஒரு தட்டில் ஒரே எடையுள்ள ஐந்து கூடைகள், மறுதட்டில் 20 கிலோ படிக்கல், தராசு சமமாக நிற்கிறது. ஒரு கூடை எவ்வளவு? ஐந்தாகப் பங்கிட வேண்டும் என்று அவனே சொல்லிவிடுவான். 20இல் 5ஐக் கழிக்க எவனும் நினைக்கமாட்டான். அதன் பிறகு அதையே 5ய = 20 என்று எழுதச் சொல்வேன். எழுத்து கடைசியில் வரட்டும்.

சிறிய படிகளாக உடைப்பது நல்லதுதான். ஆனால் ஏணியில் எத்தனை படிகள் வைத்தாலும், ஏறுகிறவன் எந்தப் படியில் கால் இடறுகிறான் என்று பார்க்காவிட்டால் பயனில்லை. நேரே உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். உங்களுக்குத் திரைதான் இருக்கிறது. ஆகவே அவனை எழுதவிடுங்கள். நீங்கள் எழுதுவதை அவன் பார்ப்பதைவிட, அவன் எழுதுவதை நீங்கள் பார்ப்பது முக்கியம்.

ஊத்தங்கரைத் தாய் | ஊத்தங்கரை

பெற்றோர் தரப்பில் ஒன்று சொல்கிறேன், யாரும் வருந்த வேண்டாம். என் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. நான் தையல் வேலை செய்து மாதம் 800 ரூபாய் இணைய வகுப்புக்குக் கட்டுகிறேன். கணக்குப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் பத்து எழுத வேண்டும். அதுவே ஐம்பது மதிப்பெண். சூத்திரத்துக்கு இவ்வளவு, பிரதியிட்டதற்கு இவ்வளவு என்று படிக்குப் படி மதிப்பெண் போடுகிறார்கள். விடை சரியாக இருந்தும் நடுவில் இரண்டு வரிகளை விட்டதால் அரையாண்டில் என் மகளுக்கு மதிப்பெண் குறைந்தது.

தராசு, கூடை எல்லாம் நல்லதுதான். ஆனால் நாற்பது நிமிட வகுப்பில் ஒரே கணக்கைப் பேசிக்கொண்டிருந்தால் பாடம் எப்போது முடியும்? அக்கா எழுதுகிற படிகளை அப்படியே பார்த்து எழுதிப் பழகினால் பரீட்சையில் கை தானாக எழுதும். எங்களுக்கு இந்த ஆண்டுதான் இருக்கிறது.

ஓசூர்ப் பொறியாளன் | ஓசூர்

ஊத்தங்கரை அம்மா சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. படிகளை எழுதும் ஒழுங்கு தனித்திறமை. கணக்குத் தெரிந்தும் எழுதத் தெரியாமல் மதிப்பெண் இழக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

மலைப்பாதை | தேன்கனிக்கோட்டை

ஆசிரியர் பயிற்சி முடித்து இப்போது ஒன்றியத்தில் தொடக்கப்பள்ளியில் இருக்கிறேன். இந்த இழையில் பேசுகிற இரண்டு தரப்பும் சரி என்பதற்கு ஆராய்ச்சியிலேயே ஆதாரம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஜான் சுவெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதிதாகக் கற்கும் மாணவர்களில் ஒரு சாரார் கணக்குகளைத் தாங்களாகவே போட்டார்கள். மறுசாரார் முழுமையாகப் போட்டுக் காட்டிய கணக்கு ஒன்றைப் படித்துவிட்டு, அதே போன்ற இன்னொன்றைப் போட்டார்கள். இரண்டாம் சாரார் குறைந்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஒரே நேரத்தில் மனம் பிடித்துவைக்கக்கூடியது மிகக் குறைவு. வழி தெரியாமல் தேடுவதிலேயே அது தீர்ந்துபோகிறது. ஆகவே தொடக்கத்தில் முழுப் படிகளையும் காட்டுவது தேவை. இது ஊத்தங்கரை அம்மாவின் தரப்பு.

ஆனால் மாணவர் தேறியபின்பும் எல்லாப் படிகளையும் காட்டிக்கொண்டே இருந்தால் அது சுமையாக மாறி, கற்பதைக் குறைக்கிறது என்பதையும் அதே ஆய்வு மரபில் வந்தவர்கள் பின்னர் காட்டினார்கள். அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவதில் கடைசிப் படியை மட்டும் காலியாக விடுங்கள், பிள்ளை நிரப்பட்டும். மூன்றாவதில் கடைசி இரண்டு படிகள். இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் ஐந்தாவது, ஆறாவது கணக்கு முழுவதும் அவன் கையில் இருக்கும்.

1976இல் உட், புரூனர், ராஸ் என்ற மூவர், மரக்கட்டைகளால் பிரமிடு அடுக்கும் சிறு குழந்தைகளுக்குப் பெரியவர் எப்படி உதவுகிறார் என்று கவனித்து எழுதினார்கள். அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் நம் கொத்தனார்கள் சொல்லும் ‘சாரம்’. சுவர் எழும்வரை சாரம் வேண்டும். பூசி முடித்தபின் அவிழ்க்காமல் விட்டால் அந்த வீட்டில் யாரும் குடியேற முடியாது. (பெங்களூரில் இருக்கும் உங்கள் மாணவர்களின் அப்பாக்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.)

இன்னொன்று, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். அவர்கள் ‘ஆம்’ என்று தலையாட்டினால் அது கணக்குக்கா, தமிழுக்கா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ‘தொகுதி, பகுதி’ என்பதில் எது மேலே, எது கீழே என்று தெரியாமலேயே பின்னம் முழுவதையும் கடந்துவந்த பெண் ஒருத்தியைப் பார்த்தேன். மேலே உள்ள எண், கீழே உள்ள எண் என்று சொன்னவுடன் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள்.

செந்தூரா | பர்கூர்

நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் இணையத்தில் டியூஷன் படித்தேன்.

“புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது” என்றுதான் சொல்வோம். பொய் சொல்வதில்லை. சார் எழுதும்போது உண்மையிலேயே புரிகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு வரியும் மேலே உள்ள வரியிலிருந்து வந்தது என்று தெரியும். ஆனால் அடுத்த வரி அதுதான் என்று சாருக்கு எப்படித் தோன்றியது என்பது தெரியாது. தனியாக உட்காரும்போது முதல் வரியை எழுதிவிட்டு அங்கேயே நிற்போம்.

புரியவில்லை என்று சொல்லவும் தயக்கமாக இருக்கும். குழுவில் நான்கு பேர் இருக்கிறார்கள், எல்லோருடைய டேட்டாவும் தீர்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் அம்மா இருக்கிறார். சொன்னால் சார் அதே படிகளை மீண்டும் முதலிலிருந்து, மெதுவாக, சத்தமாகச் சொல்வார். எனக்குக் காது கேட்கிறது, சார்.

ஒரே ஒரு மிஸ் மட்டும் வேறு மாதிரி கேட்பார். “அடுத்து என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்? தவறாக இருந்தாலும் சொல்.” தவறாகச் சொன்னால், “சரி, அதையே செய்து பார்ப்போம், எங்கே போய் முட்டுகிறது பார்” என்பார். அவரிடம் படித்த முக்கோணவியல் இன்றும் மறக்கவில்லை.

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு

தாராளமாக எழுது கண்ணு. இந்த இழையில் எல்லோரையும்விட நீ எழுதியதுதான் எனக்குப் பாடம்.

ஓசூர்ப் பொறியாளன் | ஓசூர்

செந்தூரா எழுதியதைப் படித்தபின் என் பழைய தீர்வுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ‘என்ன செய்தேன்’ இருக்கிறது. ‘ஏன் இதைச் செய்யத் தோன்றியது’ பல இடங்களில் இல்லை. ஒன்றை மாற்றி எழுதினேன், இங்கே வைக்கிறேன்.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். கணக்குக்காக 48 என்று வைத்துக்கொள்வோம். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். திரும்பும்போது மலைப்பாதையில் ஏற வேண்டும், 40 என்று கொள்வோம். சராசரி வேகம் என்ன?

பழைய தீர்வில் நேராகச் சூத்திரம் எழுதி 48 என்று முடித்திருந்தேன். மாணவர்களில் பெரும்பாலோர் 60ஐயும் 40ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 50 என்பார்கள். அந்த 50ஐ நான் கண்டுகொள்ளவே இல்லை. அது தவறு என்றுகூட எழுதவில்லை. இப்போது அதிலிருந்தே தொடங்குகிறேன். “50 என்று தோன்றுகிறதா? அப்படியானால் வேகமாகப் போன நேரமும் மெதுவாக வந்த நேரமும் சமமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா, பார்ப்போம்.” போக 48 நிமிடம். வர 72 நிமிடம். மெதுவான ஓட்டத்தில்தான் அதிக நேரம் கழிந்திருக்கிறது. ஆகவே சராசரி 50க்குக் கீழே, 40 இருக்கும் பக்கமாகச் சாய வேண்டும். எவ்வளவு என்று கணக்குப் போடும் முன்பே இது தெரிந்துவிடுகிறது. பிறகு மொத்தத் தூரம் 96, மொத்த நேரம் 120 நிமிடம், அதாவது 2 மணி. 96 ÷ 2 = 48.

மூன்று வரிகள் கூடின. ஆனால் இப்போதுதான் இது விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊத்தங்கரைத் தாய் | ஊத்தங்கரை

இந்த ஒகேனக்கல் கணக்கை மகளிடம் கேட்டேன். 50 என்றாள். நானும் 50 என்றுதான் நினைத்தேன். பிறகு நீங்கள் எழுதியதை இருவரும் சேர்ந்து படித்தோம். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள், எனக்குப் புரிந்தது. மதிப்பெண் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் மலைப்பாதை சொன்னது போல ஒவ்வொரு படியாகக் காலியாக விட்டுக் கொடுக்கும்படி அவள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

கேழ்வரகுக் களம் | அஞ்செட்டி

எல்லாம் சரி, அவன் எழுதுவதை நாம் பார்ப்பது எப்படி? எங்கள் பக்கத்தில் பல இடங்களில் வீடியோ இரண்டு நிமிடம் நின்றாலே பெரிது. பிள்ளை மாமரத்தடியில் சிக்னல் தேடி உட்கார்ந்திருப்பான். நான் செய்வதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

சிக்னல் இருக்கும் நாளில், இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவே அடிக்கோலைப் பாலமாக வைத்து, அதன் மேல் கைபேசியைத் திரை மேலே பார்க்கும்படி வைக்கச் சொல்வேன். பின்பக்கக் கேமரா நோட்டைப் பார்க்கும். முகம் தெரியாது, கை தெரியும். கை எங்கே தயங்குகிறது என்பது முகத்தைவிடத் தெளிவாகச் சொல்லும்.

சிக்னல் இல்லாத நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தில் ஒரு படி மட்டும் அனுப்புவேன். அடுத்த படியை அவன் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும், கூடவே ஏன் என்று பத்து நொடிக் குரல் பதிவு. சிக்னல் வரும்போது போய்ச் சேரும், அவசரமில்லை. ஒரு கணக்குக்கு ஒரு மாலை முழுவதும் ஆகும். அந்த இடைவெளியில் அவன் யோசித்துக்கொண்டிருப்பான் என்பதால் எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ரப்பர் மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டேன். தவறை ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அழிக்கக்கூடாது. அழித்துவிட்டால் எனக்குப் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

மாடியறை அக்கா | பென்னாகரம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

அடிக்கோல் பாலம் வைத்தேன். ஏழு படிகளையும் மூடி வைத்துவிட்டு அந்தப் பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “பெருக்கினால் 6 வரும் இரண்டு எண்கள் சொல்.” 2, 3 என்றான். 1, 6 என்றான். இன்னும் என்றேன். −2, −3. இன்னும்? 12, அரை. நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டே போனான். முடியவே முடியாது என்று அவனே சொன்னான். “சரி, பெருக்கினால் 0 வரும் இரண்டு எண்கள்?” 0, 5 என்று எழுதினான். 0, 9. 0, −3. பேனா நின்றது. நான் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவு நேரம் ஆனது. முன்பெல்லாம் அந்த மௌனத்தை என்னால் பொறுக்கவே முடியாது; நானே விடையைச் சொல்லிவிடுவேன்.

“அக்கா, எப்படி எழுதினாலும் ஒரு 0 வந்தே ஆகவேண்டும்.”

ஆமாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பழைய பக்கத்தைத் திருப்பி, ய(ய − 5) = 6 என்று எழுதியிருந்த இடத்துக்கு அவனாகவே போனான். 6இன் மேல் விரலை வைத்தான். “இது 6 ஆக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இதை 0 ஆக்க வேண்டும்.” ய² − 5ய − 6 = 0 என்று எழுதினான். காரணிப்படுத்தும்போது குறியில் ஒரு தடுமாற்றம், அடித்துவிட்டு மீண்டும் எழுதினான். (ய − 6)(ய + 1) = 0. விடை 6, −1. சொல்லாமலேயே இரண்டையும் போட்டுச் சரிபார்த்தான்.

வகுப்பு முடிந்தபின் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். மூன்று அடைப்புக்குறிகளைப் பெருக்கி 0 வந்தால் என்ன ஆகும், மூன்று விடை வருமா என்று கேட்கிறான். அந்தப் பாடம் அவனுக்கு இந்த ஆண்டு இல்லை. நான் பதில் சொல்லவில்லை. (ய − 1)(ய − 2)(ய + 4) = 0 என்று எழுதிப் படமெடுத்து அனுப்பிவிட்டு, அவன் படத்துக்காகக் காத்திருக்கிறேன்.